சிவப்பில் வந்த எண்ணும் பச்சையில் வந்த எண்ணும்

வாசகர் கேள்வி: வண்ணப்பூச்சுத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் கலவைப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மூட்டையில் வரும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிப் பொடிகளைத் தொட்டியில் கொட்டிக் கலப்பதும், ஷிப்டு முடிவில் தொட்டிகளைத் தின்னர் விட்டுக் கழுவுவதும் என் பொறுப்பு. சென்ற மாதம், சனி ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை, வேலைக்குள் நுழையும் முன்பே எங்கள் எல்லோரிடமும் இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். சிறுநீரில் ஹிப்பூரிக் அமிலம் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 1.9 கிராம் என்று எனக்குச் சிவப்பு மையில் வந்திருக்கிறது; வரம்பு 1.6 என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இரத்தத்தில் ஈயம் 28, வரம்பு 40 என்பதால் அது பச்சை. என்னோடு அதே தொட்டியில் நிற்கும் நண்பருக்கு ஹிப்பூரிக் அமிலம் 0.7, ஈயம் 15. எல்லோருடைய முடிவுகளையும் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். நான் முகக்கவசத்தைச் சரியாகப் போடாததுதான் காரணம் என்கிறார் மேற்பார்வையாளர். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. விடுமுறையிலும் புட்டிப் பழச்சாறும் குளிர்பானமும் தவிர வேறெதையும் தொடவில்லை. என் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறதா? நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சோதனை செய்தால் எண் இறங்குமா? அடுத்த முறை சோதனைக்கு வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? வேலை உடைகளை வீட்டில்தான் துவைக்கிறோம். நான்கு வயது மகள் இருக்கிறாள், அவளுக்கு ஏதும் ஆகுமோ என்றும் பயமாக இருக்கிறது.

தொழில்நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் எண் ஒன்று. என்னைக் கவலைப்பட வைக்கும் எண் வேறொன்று. சிவப்பு மையில் வந்த 1.9 பெரும்பாலும் உங்கள் வேலையோடு தொடர்பில்லாதது. பச்சையில் வந்த 28-ஐப் பற்றித்தான் நீங்களும் உங்கள் தொழிற்சாலை மருத்துவரும் உட்கார்ந்து பேச வேண்டும். இந்தத் தலைகீழ் நிலை எப்படி வந்தது என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் மற்றக் கேள்விகளுக்கான விடைகளும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

ஹிப்பூரிக் அமிலம் நஞ்சு அன்று. சிறுநீரகம் கெடுவதன் அடையாளமும் அன்று. தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுயீன் என்னும் கரைப்பான் மூச்சு வழியாக உள்ளே போகும்போது, கல்லீரல் அதன் பெரும்பகுதியைப் பென்சாயிக் அமிலமாக மாற்றி, அதனோடு கிளைசின் என்னும் அமினோ அமிலத்தை இணைத்து, நீரில் எளிதாகக் கரையும் ஹிப்பூரிக் அமிலமாக்கிச் சிறுநீரகத்திடம் ஒப்படைக்கிறது. ஆகவே அது சிறுநீரில் தென்படுவது, வெளியேற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதையே காட்டுகிறது. சிக்கல் எங்கே என்றால், பென்சாயிக் அமிலத்துக்கு டொலுயீன் மட்டுமே தாய் அன்று. புட்டியில் அடைத்த பழச்சாறுகளிலும் குளிர்பானங்களிலும் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் சோடியம் பென்சோயேட்டும் உடலுக்குள் இதே பாதையில் சென்று இதே ஹிப்பூரிக் அமிலமாகத்தான் வெளியே வருகிறது. காப்பி, தேநீர், பல பழங்கள் ஆகியவற்றில் இயற்கையாகவே உள்ள சில பொருட்களும் அப்படியே. இந்த அமிலத்துக்கு அப்பெயர் வந்ததே குதிரையால்தான். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1829-இல் குதிரையின் சிறுநீரிலிருந்து இதைப் பிரித்து, குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். அந்தக் குதிரைகள் தின்னரை முகர்ந்தவை அல்ல, புல்லைத் தின்றவை.

வேலையில் டொலுயீனே படாத மனிதர்களிடமும் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 1 கிராமைத் தாண்டி ஹிப்பூரிக் அமிலம் காணப்படுவது அரிதன்று. ஏசிஜிஐஎச் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர் அமைப்பு ஒரு காலத்தில் வெளியிட்ட 1.6 என்னும் குறியளவைத்தான் உங்கள் ஆய்வகம் இன்னும் அச்சிட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். காற்றில் டொலுயீனுக்கு அனுமதிக்கும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தபோது, உணவிலிருந்து வருவதையும் வேலையிலிருந்து வருவதையும் இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. அதனால் அந்த அமைப்பே டொலுயீனுக்கான தன் பட்டியலிலிருந்து ஹிப்பூரிக் அமிலத்தைப் பின்னர் நீக்கிவிட்டது.

உங்கள் விஷயத்தில் இதைவிட உறுதியான சான்று ஒன்று இருக்கிறது. அது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘திங்கட்கிழமை காலை’ என்னும் இரண்டு சொற்கள். டொலுயீனிலிருந்து உண்டாகும் ஹிப்பூரிக் அமிலம் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும் பொருள். வெள்ளிக்கிழமை மாலை தொட்டி கழுவியபோது உள்ளே போன டொலுயீனால் உண்டானது, திங்கள் காலைவரை ஏறத்தாழ 60 மணி நேரம் கழிந்த பிறகு, அளவிடத்தக்க வகையில் மிஞ்சியிருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே அன்று காலை கிண்ணத்தில் இருந்தது வெள்ளிக்கிழமையின் தின்னர் அன்று, ஞாயிற்றுக்கிழமையின் பழச்சாறு. மதுவைத் தொடவில்லை என்பதற்குச் சாட்சியாக நீங்கள் எழுதிய புட்டிகளே இங்கே விடையாக அமைந்துவிட்டன.

ஆனால் இதைப் படித்துவிட்டு, தின்னரால் ஆபத்தில்லை என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அந்தச் சோதனை தின்னரைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. நல்லதையும் சொல்லவில்லை, கெட்டதையும் சொல்லவில்லை. உங்கள் நண்பரின் 0.7 அவருக்கு எந்த அளவுக்கு ஆறுதலோ, உங்கள் 1.9 உங்களுக்கு எந்த அளவுக்கு அச்சமோ, இரண்டும் ஒரே அளவுக்கு அடிப்படையற்றவை. இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், பசை ஒட்டும் பிரிவில் இருந்த தொழிலாளர்களிடம் வாரத் தொடக்கத்தில் காலை வேளையில் சிறுநீர் சேகரிக்கச் செய்து, எல்லாம் குறைவாக வந்ததைக் கண்டு ‘பாதிப்பு எதுவும் இல்லை’ என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். அந்தப் பிரிவின் மூத்த தொழிலாளி ஒருவர், “மாலையில் தலை சுற்றுகிறது என்று சொல்கிறோம், நீங்கள் காலையில் வந்து எடுக்கிறீர்களே” என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மாலையில் எடுத்த இரண்டாம் சுற்று வேறு கதை சொன்னது. அதற்குப் பிறகு, மாதிரி எடுத்த கிழமையும் நேரமும் எழுதாத அறிக்கையை நான் படிப்பதே இல்லை.

நேரம் ஏன் இத்தனை முக்கியம் என்றால், ஒவ்வொரு பொருளும் உடலுக்குள் தங்கும் காலம் வேறு. கரைப்பான்களின் தடயம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் மங்கிவிடுவதால், ஷிப்டு முடிந்த உடனே மாதிரி எடுக்க வேண்டும். டிரைகுளோரோஎத்திலீன் போன்ற சிலவற்றின் கழிவு வாரம் முழுவதும் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போவதால் வாரத்தின் கடைசி ஷிப்டு முடிவில் எடுக்க வேண்டும். சிறுநீரில் உள்ள பாதரசம் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அதற்குக் கிழமை பார்க்கத் தேவையில்லை. சிறுநீரகத்தில் தங்கிவிடும் காட்மியம் 10 முதல் 30 ஆண்டுகள்வரை பாதியாகக் குறையாமல் கிடக்கும் என்பதால், ஒருவருடைய சிறுநீரில் உள்ள காட்மியம் அவர் அன்று செய்த வேலையைச் சொல்வதில்லை, அவர் உழைத்த காலம் முழுவதையும் சொல்கிறது. உங்கள் இரத்தத்தில் உள்ள ஈயம் இவற்றுக்கு இடைப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு ஒரு முறை பாதியாகும். அதனால் உங்கள் ஈயச் சோதனைக்குத் திங்கள் காலை என்பது ஒரு குறையே அன்று. அன்று எடுத்த இரண்டு மாதிரிகளில் ஒன்று பொருளற்றதாகவும் மற்றொன்று பொருளுள்ளதாகவும் ஆனதற்கு இதுவே காரணம்.

தின்னரைச் சரியாகக் கண்காணிக்க வேண்டுமென்றால் என்ன கேட்பது? முதலில், நீங்கள் பயன்படுத்தும் தின்னரின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தின்னர் என்பது ஒரு பொருளின் பெயர் அன்று; பல கரைப்பான்களின் கலவைக்கு வழங்கும் பொதுப்பெயர். அதில் டொலுயீன் இருந்தால், ஷிப்டு முடிவில் எடுத்த சிறுநீரில், டொலுயீனிலிருந்து உடலில் உண்டாகும் ஓ-கிரிசாலையோ மாறாத டொலுயீனையோ அளக்க வேண்டும். ஓ-கிரிசாலுக்கு ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 0.3 மில்லிகிராம், சிறுநீர் டொலுயீனுக்கு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் என்பவை ஏசிஜிஐஎச் பட்டியலில் உள்ள குறியளவுகள். சைலீன் என்னும் கரைப்பான் இருந்தால், அதிலிருந்து உடலில் உண்டாகும் மெதில்ஹிப்பூரிக் அமிலத்தை அளக்க வேண்டும். இது உணவிலிருந்து வராத பொருள் என்பதால் நம்பகமானது, ஆனால் ஆஸ்பிரின் மாத்திரை எடுத்திருந்தால் அதுவும் கிளைசினுக்குப் போட்டியிட்டு அளவைக் குறைத்துக் காட்டிவிடும். என்-ஹெக்சேன் என்னும் கரைப்பான் இருந்தால், அதிலிருந்து உடலில் உண்டாகும் 2,5-ஹெக்சேன்டையோனை அளக்க வேண்டும். கை கால் நரம்புகளைச் சேதப்படுத்துவது இந்த ஹெக்சேன்டையோனே என்பதால் அதை அளப்பதில் ஒரு நேரடித்தன்மை உண்டு. புகைப்பழக்கம் ஓ-கிரிசாலை உயர்த்தும். மது இக்கரைப்பான்கள் உடலில் மாற்றமடையும் வேகத்தைக் குறைக்கும். மாதிரி எடுப்பவர் இவற்றையெல்லாம் உங்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உங்களிடம் யாரும் கேட்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

தண்ணீர் குடித்தால் எண் இறங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்காது. தண்ணீர் குடிப்பதால் சிறுநீர் நீர்த்துப்போகும் என்பது தெரிந்துதான், அளக்கும் பொருளை ‘ஒரு லிட்டருக்கு’ என்று பார்க்காமல் ‘ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு’ என்று பார்க்கிறார்கள். தசைகளிலிருந்து ஓரளவு சீராக வெளியேறும் கிரியாட்டினினும் அதே அளவுக்கு நீர்த்துப்போவதால், இரண்டின் விகிதம் பெரிதாக மாறாது. லிட்டருக்கு 0.3 கிராமுக்குக் குறைவாகக் கிரியாட்டினின் இருந்தால் மாதிரி மிகவும் நீர்த்தது என்றும், 3 கிராமுக்கு மேல் இருந்தால் மிகவும் செறிந்தது என்றும் ஒதுக்கிவிட்டு, வேறு மாதிரி கேட்பது வழக்கம். ஆகவே குடம் குடமாகக் குடித்தாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது இன்னொரு நாள் காத்திருப்புதான்.

இனி ஈயம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அலகு. உங்கள் அறிக்கையில் 28 என்பதற்குப் பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வரம்பு 40 என்று இருப்பதால் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்று எடுத்துக்கொள்கிறேன். இதே அளவை வேறொரு ஆய்வகம் லிட்டருக்கு 280 மைக்ரோகிராம் என்றோ, லிட்டருக்கு 1.35 மைக்ரோமோல் என்றோ அச்சிடலாம். அலகு பார்க்காமல் எண்களை ஒப்பிட்டுப் பதறியவர்களையும், அலகு பார்க்காமலே நிம்மதியடைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த 40 உங்களுக்கு நோய் வராது என்பதற்கான எல்லை அன்று. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்புத் துறை 1978-இல் கொண்டுவந்த ஈய விதியில், 40-ஐ எட்டியவருக்குச் சோதனையை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று அடிக்கடி செய்ய வேண்டும் என்றும், ஒரே சோதனையில் 60-ஐ எட்டினாலோ சராசரி 50-ஐ எட்டினாலோ அவரை ஈய வேலையிலிருந்து விலக்க வேண்டும் என்றும், அப்படி விலக்கியவர் 40-க்குக் கீழே வந்த பிறகே திரும்பலாம் என்றும் எழுதப்பட்டது. உலகெங்கும் பல படிவங்களில் இன்றும் தொடரும் 40 அந்தக் காலத்து அறிவின் எச்சம். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் கணக்கை மாற்றிவிட்டன. இன்று ஏசிஜிஐஎச் வைத்திருக்கும் குறியளவு 20. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2012-இல் வெளியிட்ட மதிப்பீடு, 10-க்குக் கீழே இருக்கும்போதே பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் உயர்வதற்குப் போதுமான சான்று இருக்கிறது என்று முடிவு செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, 5-ஐ எட்டிய எவருக்கும் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து அதைக் குறைக்க வேண்டும் என்கிறது. இவற்றையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் 28-க்குப் பச்சை மை பொருத்தமானது அன்று. உங்கள் நண்பரின் 15-க்கும் அன்று.

பயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. 28 என்பது மருத்துவமனையில் சேர வேண்டிய அளவு அன்று; இந்த அளவில் பெரும்பாலோருக்கு வெளிப்படையான அறிகுறியே இருக்காது. அறிகுறி வரும் முன்பே சொல்லிவிடுகிறது என்பதுதான் இந்தச் சோதனையின் பெருமை. தொழில்சார் ஈய பாதிப்பு குறித்து மருத்துவ வல்லுநர் குழு ஒன்று 2007-இல் வெளியிட்ட பரிந்துரை இங்கே நல்ல வழிகாட்டி: ஒரே சோதனையில் 30-ஐத் தாண்டினாலோ, நான்கு வார இடைவெளியில் எடுத்த இரண்டு சோதனைகளும் 20 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, அவரை ஈயம் படும் வேலையிலிருந்து மாற்ற வேண்டும் என்பது அது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, காலம் கடத்தாமல் இரண்டாவது சோதனை. கலவைப் பிரிவுக்குத் தொலைவான, பொடி படாத அறையில், கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகு, விரல் நுனியில் குத்தி எடுக்காமல் முழங்கை மடிப்பில் இரத்த நாளத்திலிருந்து, உலோகச் சோதனைக்கென்று சான்றளித்த குழாயில் எடுக்கும்படி கேளுங்கள். தோலில் ஒட்டிய பொடித் துளி ஒன்றே முடிவை உயர்த்திவிடும். அன்றைய தினமே இரத்த அழுத்தம், இரத்தத்தில் கிரியாட்டினின், ஹீமோகுளோபின், இரும்புச்சத்து ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. இரும்புச்சத்துக் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஈயத்தை வெளியேற்றும் மருந்து இருக்கிறது என்று யாராவது சொல்லி, அதை ஊசியாகவோ மாத்திரையாகவோ தர முன்வரலாம். உங்கள் அளவுக்கு அது தேவையில்லை. அதிலும், அதே பொடியில் நின்று வேலை செய்துகொண்டே அதை எடுப்பது கேடு விளைவிக்கக்கூடியது. ஆறு ஆண்டுகள் வேலை செய்த உங்கள் எலும்பிலும் ஈயம் சேர்ந்திருக்கும் என்பதால், வேலையை மாற்றிய பிறகு முதல் சில வாரங்கள் எண் வேகமாக இறங்கி, பிறகு மெதுவாக இறங்கும். அப்போது சோர்ந்துவிட வேண்டாம்; எலும்பு தன்னிடமிருப்பதைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தருவதன் விளைவு அது.

அதே தொட்டி, இரண்டு மனிதர்கள், 28-உம் 15-உம். மேற்பார்வையாளர் இதற்குக் கண்டுபிடித்த காரணம் முகக்கவசம். இருக்கலாம், ஆனால் விசாரிக்காமல் சொல்லக்கூடாது. மூட்டையைக் கிழித்துக் கொட்டுவது நீங்கள், கலவைக் கருவியை இயக்குவது அவர் என்று வேலைப் பிரிவினை இருந்தாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். காலி மூட்டையை மடித்து அழுத்துபவர் யார், தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குபவர் யார், இடைவேளையில் கை கழுவாமல் புகைப்பவர் யார், எத்தனை ஆண்டுகள் வேலை செய்தவர் யார் என்று கேட்க வேண்டிய கேள்விகள் பல. கனிம ஈயம் தோல் வழியாக அதிகம் புகுவதில்லை. மூச்சிலும், கையிலிருந்து வாய்க்குமாகத்தான் போகிறது. தின்னரோ தோல் வழியாகவும் புகும், கையில் ஒட்டிய பூச்சைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளும் பழக்கம் உங்கள் பிரிவில் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். முகக்கவசத்தையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். கரி நிரப்பிய வடிகட்டி தின்னர் ஆவியைப் பிடிக்கும், பொடியைப் பிடிக்காது. பொடிக்கான வடிகட்டி ஆவியை விட்டுவிடும். இரண்டு வேலையும் செய்யும் உங்களுக்கு இரண்டும் சேர்ந்த வடிகட்டி வேண்டும். அதைத் தராமல், கவசத்தைச் சரியாகப் போடவில்லை என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

காற்றை அளப்பதற்கும் உடலை அளப்பதற்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் புலப்படுகிறது. காற்றை அளக்கும் கருவி, மூக்கருகே இருந்ததை மட்டும் சொல்லும். இரத்தமும் சிறுநீரும், மூச்சு, தோல், வாய் என எந்த வழியில் வந்தாலும் உள்ளே போனதையெல்லாம் சேர்த்துச் சொல்லும். அதனால்தான் ஒரு பிரிவில் ஒரே ஒருவருக்கு எண் உயர்ந்தால் அவருடைய வேலைமுறையையும், பலருக்கு உயர்ந்தால் அந்த இடத்தையும் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் பயிற்சி பெறுகிறோம். உங்கள் பிரிவில் 28-உம் 15-உம் இருக்கின்றன என்றால், இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உயிரியல் கண்காணிப்பு என்பது தொழிலாளியின் உடலைக் கொண்டு தொழிற்சாலைக்கு நடத்தும் தேர்வு. அதில் மதிப்பெண் குறைந்ததற்குத் தொழிலாளியைத் தண்டிப்பதில் பொருளில்லை.

இந்த இடத்தில் அறிவிப்புப் பலகையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: பெயரோடு ஒட்டியது தவறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998-இல் வெளியிட்ட தொழிலாளர் உடல்நலக் கண்காணிப்பு வழிகாட்டி நெறிகளும், தொழில்நல வல்லுநர்களுக்கான சர்வதேச நெறிமுறைக் கோவையும், தனிநபர் மருத்துவ முடிவுகளை இரகசியமாகக் காக்கச் சொல்கின்றன. நிர்வாகத்துக்குச் செல்ல வேண்டியவை, வேலைக்குத் தகுதி உண்டா, என்ன மாற்றம் தேவை என்னும் முடிவும், பெயர் நீக்கிய குழுக் கணக்கும்தான். ஈயம் போன்ற சிலவற்றில் எண்ணை நிர்வாகத்திடமும் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் நாடுகள் உண்டு. அங்கும் பலகையில் ஒட்டச் சொல்லவில்லை. ‘எங்கள் பிரிவில் இத்தனை பேரைச் சோதித்தோம், இத்தனை பேர் 20-க்கு மேல், காரணம் மூட்டை கொட்டும் இடம், இந்தத் தேதிக்குள் இதைச் செய்யப்போகிறோம்’ என்று பெயரில்லாமல் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தால் அதை வரவேற்றிருப்பேன்.

சோதனைக்கு வரமாட்டேன் என்று சொல்லலாமா என்பது நாட்டுக்கு நாடு சட்டத்தில் வேறுபடும். ஆனால் எதை, எதற்காக அளக்கிறார்கள், முடிவை யார் பார்ப்பார்கள் என்று விளக்கிச் சம்மதம் பெற்ற பிறகே மாதிரி எடுக்க வேண்டும் என்பதே எங்கள் தொழிலின் நெறி. 1985-இல் ஏற்கப்பட்ட சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 161-ஆம் உடன்படிக்கை, இத்தகைய கண்காணிப்பால் தொழிலாளிக்கு ஊதிய இழப்பு இருக்கக்கூடாது, கட்டணம் இருக்கக்கூடாது, இயன்றவரை வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்கிறது. உங்கள் கோபம் நியாயமானதுதான் என்றாலும், மறுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் மறுத்தால் இழப்பது அந்த 28 அடுத்த மாதம் எங்கே நிற்கிறது என்னும் தகவலை. நிர்வாகத்துக்கோ ஒரு தலைவலி குறையும். ஆகவே மறுப்பதற்குப் பதிலாக நிபந்தனை வையுங்கள்: சரியான நேரத்தில் சரியான சோதனை, முடிவு மூடிய உறையில் உங்கள் கையில், பலகையில் பெயர் இல்லை. எண் உயர்ந்தால் சம்பளம் குறையுமோ, வேலை போகுமோ என்னும் அச்சம்தான் பல இடங்களில் தொழிலாளர்களைச் சோதனையிலிருந்து ஒளிந்துகொள்ள வைக்கிறது. நான் மேலே சொன்ன 1978-ஆம் ஆண்டு விதியில், ஈய வேலையிலிருந்து விலக்கப்படுபவருக்குப் 18 மாதம்வரை ஊதியமும் பணிமூப்பும் குறையாமல் காக்க வேண்டும் என்று எழுதியதற்கு அதுவே காரணம். உங்கள் தொழிற்சங்கம் பேச வேண்டிய இடம் இது.

நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியவற்றில் முதன்மையானது, ஈயம் இல்லாத நிறமி. மஞ்சளும் ஆரஞ்சும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரத்தத்தில் ஈயமும் ஏறியிருக்கிறது என்பதால், அந்தப் பொடி பெரும்பாலும் ஈயக் குரோமேட்டாக இருக்க வேண்டும். அப்படியானால் அதில் புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியமும் இருக்கிறது. இரத்த ஈயச் சோதனை அதைப் பற்றி எதுவும் சொல்லாது. நிறமியை மாற்றினால் இரண்டும் ஒரே நேரத்தில் போகும். அது கைகூடும்வரை, மூட்டை கொட்டும் வாயிலேயே பொடியை இழுத்துக்கொள்ளும் உறிஞ்சு குழாய், ஈரத் துணியால் துடைப்பதோ நுண்துகள் வடிகட்டி பொருத்திய உறிஞ்சு கருவியோ கொண்டு சுத்தம் செய்வது, அழுத்தக் காற்றால் உடையையோ தரையையோ ஊதுவதை நிறுத்துவது, சாப்பிடும் இடத்தைத் தனியாக்குவது ஆகியவை தேவை.

உங்கள் மகளைப் பற்றிய அந்த ஒரு வரியைக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். நான் அதைத்தான் முதலில் அடிக்கோடிட்டேன். குழந்தைகளுக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க இரத்த ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை. தரையில் விளையாடி, கையை வாயில் வைக்கும் வயது அவளுக்கு. வேலை உடையும் காலணியும் இன்றுமுதல் வீட்டுக்கு வரக்கூடாது. அவற்றைத் துவைப்பது தொழிற்சாலையின் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். அது நடக்கும்வரை தனிப் பையில் கட்டி, உதறாமல், வீட்டுத் துணிகளோடு கலக்காமல், மகள் அருகில் இல்லாத நேரத்தில் துவையுங்கள். குளித்து, தலைமுடியையும் அலசி, உடை மாற்றிய பிறகே வீட்டுக்குப் புறப்படுங்கள். மகளுக்கும், உங்கள் துணிகளைத் துவைப்பவருக்கும் இரத்த ஈயச் சோதனை செய்துவிடுங்கள்; உங்கள் மனைவி கருவுற்றிருந்தாலோ பாலூட்டினாலோ அதை இந்த வாரமே செய்யுங்கள், ஏனெனில் தாயின் ஈயம் குழந்தைக்கும் போகும்.

உங்கள் இரண்டாவது சோதனையின் முடிவும் மகளின் முடிவும் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். எழுதும்போது எண்ணோடு அலகு, மாதிரி எடுத்த கிழமை, நேரம், எடுத்த இடம், அதற்கு முந்தைய வாரத்தில் எத்தனை நாள் மூட்டை கொட்டினீர்கள் என்பது ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். வேலையில் சேர்ந்தபோது எடுத்த பழைய அறிக்கை ஏதேனும் கிடைத்தால் அதையும் குறிப்பிடுங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஈயம் எத்தனை இருந்தது என்பது தெரிந்தால், என்னால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.